ஹைட்ராக்சிலும் அத்தானின் கண்களும்

அமைதியே அணிகலனாய், அன்பே ஆட்சியாய் இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே! அறிவியல் மன்றத்தைத் தோளில் தூக்கிச் சுமந்து, தொய்வில்லாமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியை அள்ளிக்கொண்டு போய் அமர்ந்திருக்கும் அருமை நண்பர் அவர்களே! முன் வரிசையில் முதிர்ந்த அறிவோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளை எப்போது மேடை ஏறுவான், இந்த அம்மாள் எப்போது இறங்குவாள் என்று காத்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசிக்குள் முகம் புதைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் ஓய்வு பெற்ற ஒரு வேதியியல் ஆசிரியையின் உளம் கனிந்த வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ஹைட்ராக்சில் தொகுதி. அழைப்பிதழைப் பார்த்ததும் என் பக்கத்து வீட்டு அம்மாள் "இது என்ன மாத்திரைங்க?" என்று கேட்டார். மற்றவர்களுக்கெல்லாம் விண்வெளி, கடல், மூளை என்று விதவிதமாய்க் கொடுத்துவிட்டு, எஞ்சி நின்றதை எனக்குத் தள்ளிவிட்டார் செயலாளர். இல்லை என்று தலையாட்டாதீர்கள் ஐயா, எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தத் தலைப்பு எங்கள் குடும்பத்துச் சொத்து. இதைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவர் இந்த அரங்கில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் என் அக்கா.

முதலில் பாடம், பிறகு கதை. பயப்படாதீர்கள், பாடம் சின்னதுதான்.

தண்ணீர் என்றால் என்ன? ஓர் ஆக்சிஜன், அதன் இரு பக்கமும் இரண்டு ஹைட்ரஜன். இது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு ஹைட்ரஜனில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். மிஞ்சுவது என்ன? ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும். அதுதான் ஹைட்ராக்சில். பாதித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்க அதற்குத் தெரியாது. எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிம்மதி. அதை ஒரு கை என்று சொல்லியே என் வகுப்பில் பாடம் நடத்தினேன், இன்றும் அப்படியே சொல்கிறேன்.

அந்தக் கை எங்கே இல்லை? சர்க்கரை தேநீரில் ஏன் கரைகிறது? சர்க்கரையின் உடம்பெல்லாம் இந்தக் கைகள். தண்ணீரைக் கண்டதும் தாவிப் பிடித்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் மரக்கதவு ஏன் இறுகுகிறது? மரத்துக்குள்ளும் இந்தக் கைகள். ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்கின்றன. இருமல் மருந்தில் இழைகிற கிளிசரினில் இந்தக் கை. கழிவறையில் பளீரென்று மூக்கைத் தாக்குகிற பினாயிலின் மூலப்பொருளில் இந்தக் கை. கை ஒன்றுதான். ஒட்டியிருக்கும் உடம்புதான் வேறு. ஒன்று இனிக்கிறது, ஒன்று வழுக்குகிறது, ஒன்று தோலைச் சுடுகிறது. பாடம் முடிந்தது. கடைசி வரிசைத் தம்பி ஒருவர் பெருமூச்சு விட்டது எனக்கு இங்கே வரை கேட்டது.

இனி கதை.

அது நான் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த காலம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். இரண்டே அறை. ஓர் அறையில் அவர்கள், ஓர் அறையில் நானும் அடுப்பும். என் புத்தகங்கள் சமையல் மேடைக்கு மேலே இருக்கும். பக்கங்களைப் புரட்டினால் தாளித்த வாசம் வரும். ஜன்னலைத் திறந்தால் எதிர் வரிசையில் அத்தான் வேலை பார்த்த பாலிஷ் பட்டறை. நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி எல்லாம் அங்கே மூளியாக வரும். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்துத் திரும்பிப் போகும். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்பார்கள். அதைப் பஞ்சுப் பொதியில் நனைத்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாக இழுப்பார் அத்தான். இழுத்த ஈரம் காய்வதற்குள் அடுத்த வட்டம். கை நின்றுவிட்டால் அந்த இடத்தில் தழும்பு விழும் என்பார். அவர் நகங்கள் எப்போதும் பழுப்பு. அவர் சட்டை, அவர் தலைமுடி, அவர் மடித்து வைத்த கைக்குட்டை, எல்லாவற்றிலும் ஸ்பிரிட் வாசம்.

இன்றைக்கும் எங்காவது புது மரச்சாமான் கடையைத் தாண்டிப் போனால் என் கால் தானாக நிற்கும். கடைக்காரர் "என்ன பார்க்கறீங்கம்மா?" என்று கேட்பார். என்ன சொல்வது? அந்த வாசத்துக்குள் என் இளமை இருக்கிறது, என் அத்தான் இருக்கிறார், அவர் "வாத்தியாரம்மா" என்று என்னைக் கேலியாகக் கூப்பிடும் குரல் இருக்கிறது. நான் ஆசிரியை ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் அவர்தான். சும்மா பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

இப்போது ஒரு கேள்வி. உடம்பெல்லாம் ஸ்பிரிட் மணக்கிற ஒருவரை, குடியின் வாசம் பட்டாலே நடுங்குகிற ஒரு பெண் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் எங்கள் வீடு.

அக்கா ஏன் நடுங்கினாள்? சொல்கிறேன். எங்கள் அப்பா குடிப்பார். குடித்தால் அடிப்பார். அம்மாவை அடிப்பார், அம்மா விழுந்தால் அக்காவை அடிப்பார், என் முறை வருவதற்குள் அக்கா என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். இந்த அரங்கில் தலை குனிந்த சிலரை நான் பார்க்கிறேன். குனிய வேண்டாம், இது நமக்கு வந்த வெட்கம் இல்லை. பிறகு ஈரல் கெட்டுப்போகும் என்று மருத்துவர் மிரட்டியதும் அப்பா குடியை விட்டார். விட்ட பிறகு ஆள் பஞ்சு போல ஆகிவிட்டார். பழையதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்வார். "நானா அடிச்சேன்? அது அடிச்சுது." இதைத்தான் ஆண்டாண்டாகச் சொல்லிவந்தார்.

அக்கா அதை நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது அவளுக்கு. அப்பாவை வெறுக்காமல் இருக்க வேறு வழி? அப்பா நல்லவர், குடிதான் கெட்டது. அப்பாவின் கை நல்ல கை, அதற்குள் புகுந்ததுதான் பேய். அப்படி ஒரு கணக்கைப் போட்டு, அதன் மேல் தன் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அத்தானிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆயுசுக்கும் ஒரு சொட்டு வாயில் படக் கூடாது. அதுவரை எப்போதாவது நண்பர்களோடு குடித்துக்கொண்டிருந்தவர், அந்த நிமிஷமே வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

ஆனாலும் அக்காவின் பயம் போகுமா? சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நிற்பார். அக்கா அவர் முகத்துக்கு நேரே வந்து நிற்பாள். அவர் குனிந்து 'ஹா' என்று மூச்சை விடுவார். சட்டையில் ஸ்பிரிட் இருக்கலாம், மூச்சில் இருக்கக் கூடாது. அதை முகர்ந்து பிரிக்க அக்காவுக்குத் தெரியும். மூச்சு சுத்தமாக இருந்தால் வழி விடுவாள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். புதுப் பெண்டாட்டி ஆசையாக எதிர்கொள்கிறாள் என்று எதிர் வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

பட்டறைக்கு வழக்கமாக வரும் ஸ்பிரிட் அந்த வாரம் வரவில்லை. முதலாளி வேறு எங்கிருந்தோ ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த தாள் கிழிந்திருந்தது. பார்த்தால் தண்ணீர் போல, முகர்ந்தால் ஸ்பிரிட் போல. அரக்கும் அதில் அழகாகக் கரைந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றுவதற்குப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார்கள். நாக்கில் தட்டும் முன் குழாயைக் கேனுக்குள் திருப்பிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்; ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் செய்வதில் அவர்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. அன்றைக்கு அத்தான் இழுக்கும்போது, பக்கத்தில் நின்ற 'குள்ளன்' என்ற கூட்டாளி முதலாளியின் நடையை நடந்து காட்டினான். அத்தானுக்குச் சிரிப்பு வெடித்தது. வாயிலிருந்தது மொத்தமும் தொண்டைக்குள் போய்விட்டது.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? வாயைக் கொப்பளித்தார். கிராம்பு வாங்கி மென்றார். மறுபடி கொப்பளித்தார். அவருக்கு அன்றைக்கு இருந்த ஒரே பயம், இன்றைக்கு வாசலில் என்ன செய்வது என்பதுதான்.

வாசலில் வந்து நின்றார். அக்கா வந்தாள். அவர் மூச்சை விடவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். அக்கா அவர் கையை விலக்கிப் பார்க்கவில்லை. கிராம்பு வாசமே போதும் அவளுக்கு. குடித்ததை மறைக்க எங்கள் அப்பாவும் கிராம்புதான் மெல்லுவார். வழி விட்டாள். சாப்பாட்டை வைத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. என்னவென்று கேட்கத் தைரியம் வரவில்லை. அன்று அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மறுநாள் காலை. நல்ல வெயில். அத்தான் எழுந்து வந்து உட்கார்ந்தார். தேநீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். டம்ளர் இருந்த இடத்துக்குக் கை போகவில்லை. தலை வலிக்கிறது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "என்ன வாத்தியாரம்மா, இன்னிக்கு இவ்வளவு பனி?" என்று கேட்டார்.

என் கையிலிருந்த புத்தகம் நழுவியது. பனியே இல்லாத காலையில் பனி பார்க்கிறவர்களைப் பற்றிப் போன மாதம்தான் வகுப்பில் படித்திருந்தேன். "அத்தான், நேத்து வாய்க்குள்ள என்ன போச்சு?" என்று கேட்டேன். அவர் அக்காவின் முகம் இருக்கும் திசையைத் தேடினார். அக்கா அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் கத்தினேன். ஆமாம், அத்தானிடம் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அப்புறம் சொன்னார், குழாயைப் பற்றி, சிரிப்பைப் பற்றி, கிராம்பைப் பற்றி. அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டாள்.

உள்ளே போனது என்ன? மெத்தனால். வழக்கமாக வரும் ஸ்பிரிட்டில் இருப்பது எத்தனால். இரண்டிலும் அதே ஹைட்ராக்சில் கை. ஒன்றின் உடம்பில் ஒரு கார்பன், மற்றதன் உடம்பில் இரண்டு கார்பன். அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. அந்தக் கை உள்ள முனையைப் பிடித்துத்தான் அது வேலையைத் தொடங்கும். எத்தனாலைப் பிடித்தால் அதை ஒருவழியாக உருமாற்றி அனுப்பிவிடும். மெத்தனாலைப் பிடித்தாலோ, அதை எறும்புக் கடியில் இருக்கிற அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் முதலில் போய்த் தாக்குகிற இடம் கண்ணின் நரம்பு. உடனே தெரியாது, அரை நாள், ஒரு நாள் ஒளிந்திருந்து பிறகுதான் அடிக்கும்.

மருத்துவமனையில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. இளையவர், கண்டிப்பானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அமிலத்தை முறிக்க நரம்பில் மருந்து ஏற்றச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, இவருக்கு மாற்று மருந்து எத்தனால்தான், சாராயம் கொடுக்க வேண்டும் என்றார். ஊசியில் ஏற்றுகிற எத்தனால் அங்கே இருப்பு இல்லை. வாய் வழியாகத்தான் கொடுத்தாக வேண்டும், யாராவது போய் பிராந்தி வாங்கி வாருங்கள் என்றார்.

நம்பமுடியவில்லை அல்லவா? அக்காவாலும் முடியவில்லை. நான்தான் விளக்கினேன். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் ஆசை அதிகம். எத்தனாலைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதைப் பிடிப்பதிலேயே மும்முரமாகிவிடும். மெத்தனாலைத் திரும்பிப் பார்க்காது. தீண்டப்படாத மெத்தனால் மூச்சிலும் சிறுநீரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். கண் பிழைக்கும். பிள்ளைகளே, இது மருத்துவர் அளந்து, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துச் செய்கிற வைத்தியம். வீட்டில் எவரும் செய்து பார்க்கிற வேலை இல்லை. இந்த மாதிரி எதுவும் வாய்க்குள் போனால், யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள், மற்றதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிராந்தி வாங்கப் போனது யார்? நான் கிளம்பினேன். அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே போனாள். சின்ன வயதில் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி அம்மா அனுப்பும்போதெல்லாம், கடைக்கு உள்ளே போகப் பயந்து வாசலிலேயே நின்று அழுதவள் அவள். அன்றைக்கு ஆண்களின் வரிசையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போயிருக்கிறாள். நல்லதாக ஒன்று வேண்டும், வீட்டுக்காரர் கண்ணுக்கு என்று கேட்டிருக்கிறாள். வரிசையில் நின்ற ஒருவர், தன் மனைவிக்கு இந்த வைத்தியம் தெரியாமல் போயிற்றே என்று சொல்ல, கடையே சிரித்திருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. பாட்டிலைத் துணியில் சுற்றாமல், மறைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்தாள்.

டாக்டரம்மா அளந்து, பழச்சாற்றில் கலந்து கொடுத்தார். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்றார். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். "உங்களுக்குக் கண்ணு வேணுமா, வாக்கு வேணுமா?" என்று டாக்டரம்மா எரிச்சலோடு கேட்டார். கண் போனால் அவருக்கு வேலை இல்லை, மரத்தின் நிறம் இல்லை, எதுவுமே இல்லை. அது அவருக்குத் தெரியாதா? இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா டாக்டரம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.

"நான் கேட்டு வாங்கின வாக்குங்க அது. நானே திருப்பித் தர்றேன். குடிங்க."

அப்புறம்தான் குடித்தார். தாய்மார்களே, இத்தனை வருஷத்தில் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். இந்த இடம் வந்தால் என் குரல் இன்றைக்கும் இடறுகிறது. ஒரு நிமிஷம், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நன்றி. இந்தத் தண்ணீரிலும் அந்தக் கைதான்.

வேளை தவறாமல் கொடுக்கக் கொடுக்க, அத்தானுக்குப் போதை ஏறியது. ஏறத்தானே செய்யும்? அக்கா கட்டிலின் கால்மாட்டில், எட்ட நின்றாள். இரும்புக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். தோள்கள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. அந்த நிற்றல் எனக்குத் தெரியும். அடி விழப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிற நிற்றல் அது. அத்தான் நல்லவர் என்று அவள் மனதுக்குத் தெரியும். அவள் தோளுக்குத் தெரியவில்லை.

போதையில் அத்தான் என்ன செய்தார்? முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்தார். இதற்கு எவன் பாலிஷ் போட்டது, ஒரு பூச்சோடு ஓடிவிட்டான் என்று வருத்தப்பட்டார். ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரிடம், தன் மனைவிக்கு இந்த உலகத்திலேயே கூர்மையான மூக்கு என்று பெருமை பேசினார். வார்டே சிரித்தது. பிறகு திடீரென்று பேச்சை நிறுத்தினார். முகம் தெரியாவிட்டாலும், அக்கா எங்கே நிற்கிறாள், எப்படி நிற்கிறாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"உனக்குப் பயமா இருந்தா, என் கையைக் கட்டில்ல கட்டிப்போடச் சொல்லும்மா" என்றார்.

நாக்கு குழறியது, ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது. சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து, கட்டுவதற்கு வசதியாகச் சேர்த்து வைத்துக்கொண்டார். அக்கா கம்பியை விட்டாள். வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பழுப்பு நகங்களுள்ள கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு காலம் கழித்து அன்றைக்குத்தான் இறங்கின.

மறுநாள் டாக்டரம்மா கண்ணைச் சோதித்தார். விரல்களை எண்ணச் சொன்னார், எண்ணினார். மனைவி என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று கேட்டார். பச்சை என்றார் அத்தான். அக்கா உடுத்தியிருந்தது நீலம். டாக்டரம்மா முகம் வாடிவிட்டது. அதற்குள் அக்கா, "கண்ணு நல்லா இருந்தப்பவே இதைப் பச்சைன்னுதான் சொல்வார் டாக்டர், கவலைப்படாதீங்க" என்றாள். பனி விலகிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல் மட்டும் கடைசி வரை தங்கிவிட்டது. அதோடேயே இன்னும் எத்தனையோ மேசைகளைப் பளபளக்க வைத்து, பேரன் பேத்திகளின் முகம் பார்த்து, போன ஆண்டுதான் போய்ச் சேர்ந்தார் அந்த மனிதர்.

இங்கே கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கண் பிழைத்த கதைதான் முடிந்தது.

அன்று பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், எங்கள் அப்பா வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். அத்தானுக்கு இன்னும் வேளைக்கு வேளை பிராந்தி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் முகமெல்லாம் சிவந்து, யாரைப் பார்த்தாலும் புன்னகைத்துக்கொண்டு படுத்திருந்தார். அப்பா அந்தக் கோலத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அது ஆளை என்ன பாடு படுத்துகிறது பார்த்தாயா என்றார். அந்தக் காலத்தில் தன்னையும் அதுதானே ஆட்டிவைத்தது என்றார். வழக்கமான அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

நானாக இருந்தால் நானும் சிரித்து வைத்திருப்பேன். எத்தனை தடவை கேட்ட பேச்சு அது. அக்கா சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அப்பா, இவரு நேத்துலேர்ந்து குடிச்சுக்கிட்டேதான் இருக்காரு. நான்தான் ஊத்திக் குடுக்கறேன். என் கையைக் கட்டிப்போடுன்னு சொல்றாரு. அதுதான் அடிக்கும்னா, இப்ப அடிச்சிருக்கணுமேப்பா."

அவையோரே! அது ஒரு மகள் தகப்பனைக் கேட்ட கேள்வி மட்டுமா? தன் வாழ்க்கையையே எதன் மேல் கட்டியிருந்தாளோ, அந்த அடித்தளத்தைத் தானே பெயர்த்துப் பார்த்த கேள்வி. அது அடித்தது என்று நம்பியிருந்தவரை அவளுக்கு ஓர் அப்பா இருந்தார். இனி இருப்பாரா? அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். உன்னை வளர்த்ததற்கு இதுவா என்று கேட்பார் என்று நினைத்தேன். மறுபடியும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் ரொட்டிப் பொட்டலத்தின் காகிதம் மட்டும் சரசரத்துக்கொண்டே இருந்தது.

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது இல்லம்மா. நான்தான் அடிச்சேன்."

எங்கள் அம்மா கேட்காமலே போய்விட்ட வார்த்தை அது. அக்கா அழவில்லை. அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பாலிஷ் சரியில்லாத அந்த ஸ்டூலை இழுத்து, அவர் உட்காருவதற்குப் போட்டாள்.

பிள்ளைகளே! குடி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அது ஈரலைத் தின்னும், குடும்பத்தைத் தின்னும், நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை. கோபம் வந்தது, அது பேசவைத்தது என்பார்கள். கூட்டம் சேர்ந்தது, அது செய்யவைத்தது என்பார்கள். போதை ஏறியது, அது அடிக்கவைத்தது என்பார்கள். எது ஏறினாலும், எது சேர்ந்தாலும், எது வந்தாலும், ஓங்கிய கை யாருடைய உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கையாக இருந்தால், "நான்தான்" என்று சொல்லப் பழகுங்கள். எங்கள் அப்பா அதைச் சொல்ல அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார். நீங்கள் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.

இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று நேற்று அக்காவிடம் கேட்டேன். "சொல்லு. ஆனா அவர் அடிச்சாருங்கறதோட நிறுத்திடாதே. கடைசில ஒத்துக்கிட்டாருன்னும் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன், அக்கா.

எஞ்சிய தலைப்பை எனக்கென்று எடுத்து வைத்த செயலாளருக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பாராதது போல் இருந்த தலைவர் அம்மையாருக்கும், கைபேசியை எப்போதோ கீழே வைத்துவிட்ட கடைசி வரிசைக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.